எல்லாம் அவர் சித்தம்னா, நமக்கு என்ன வேலை?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. சாமி விஷயம்னாலே ஓடிப்போற மக்கள் கொஞ்சம் பொறுங்க. யாரையும் மதம் மாத்துற உத்தேசம் இல்லை. கிறிஸ்தவத்துக்குள்ளேயே 1,600 வருஷமா நடக்குற ஒரு சண்டையைப் பத்தி எனக்குத் தோணினதை எழுதுறேன். உங்க வீட்லயும் இதே சண்டை வேற பேர்ல நடந்திருக்கும், அதனால தைரியமாப் படிக்கலாம் :-)

சண்டை இதுதான். கடவுள் எல்லாத்தையும் ஆளுறவர். அவருக்குத் தெரியாம, அவர் அனுமதிக்காம ஒண்ணும் நடக்காது. இது ஒரு பக்கம். மனுஷன் தான் செய்யுறதுக்குத் தானே பொறுப்பு, இதைச் செய்யலாமா வேண்டாமான்னு முடிவெடுக்குற சுதந்திரம் அவனுக்கு இருக்கு. இது இன்னொரு பக்கம். வேதாகமம் ரெண்டையும் சொல்லுது. ரெண்டையும் ஒரே மூச்சுல எப்படி நம்புறது? முதல் பக்கத்தை 'தேவனுடைய இறையாண்மை'ன்னும், ரெண்டாவதை 'சுயாதீன சித்தம்'னும் சபைகள்ல சொல்லுவாங்க. யார் ரட்சிக்கப்படணும்னு ஆண்டவர் முன்னாடியே தீர்மானிச்சுட்டார்ங்கிற கொள்கைக்கு 'முன்குறித்தல்'னு பேர்.

இதெல்லாம் வேதாகமக் கல்லூரியில உக்காந்து பேசுற விஷயம், நமக்கென்னன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு துக்க வீட்டுக்குப் போற வரைக்கும்.

எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பையன். நைட் ஷிப்ட் முடிஞ்சு பைக்ல வீட்டுக்கு வர்றப்ப, விளக்கு போடாம ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியில மோதி இறந்துட்டான். ஓசூர் பக்கம் இருக்குறவங்களுக்கு இது புதுசு இல்லை. அடக்க ஆராதனையில ஒரு பெரியவர் ஆறுதலாத்தான் பேசினார். "ஆண்டவர் தன் தோட்டத்துக்கு ஒரு அழகான பூவைப் பறிச்சுக்கிட்டார். இது அவருடைய சித்தம்." பையனோட அம்மா தலையை நிமிர்த்தி, "அப்ப அந்த லாரியை அங்க நிறுத்தினதும் ஆண்டவர்தானாய்யா?"ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் பேசல. பக்கத்துல இருந்த சித்தி ஒருத்தங்க, "அப்படியெல்லாம் கேக்கக்கூடாதுக்கா"ன்னு தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஏன் கேக்கக்கூடாது? அந்த அம்மா கேட்டது நாத்திகக் கேள்வி இல்லை. பெரிய பெரிய அறிஞர்கள் தாடியைத் தடவிக்கிட்டு நூற்றாண்டுக் கணக்கா கேட்ட கேள்வியைத்தான் அவங்க அழுதுகிட்டே கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் வந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

சுருக்கமா வரலாறு. தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.

ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ரெண்டு பேர். ஒருத்தர் பெலேஜியஸ். 'மனுஷன் மனசு வச்சா நல்லவனா வாழ முடியும், முடியாததைக் கடவுள் கட்டளையாக் கொடுப்பாரா?'ங்கிறது அவர் கட்சி. இன்னொருத்தர் வட ஆப்பிரிக்காவுல ஹிப்போ நகரத்து ஆயரா இருந்த அகஸ்டின். 'மனசு வைக்கிற அந்த மனசே கெட்டுப்போயிருக்கு, கடவுளோட கிருபை முதல்ல வந்து தொட்டாத்தான் நல்லதை விரும்பவே முடியும்'ங்கிறது இவர் கட்சி. சபை அகஸ்டின் பக்கம் நின்னுச்சு. ஆனா கேள்வி அடங்கல. 1524-ல் எராஸ்மஸ் சுயாதீன சித்தத்துக்கு ஆதரவா ஒரு புத்தகம் போட்டார். 1525-ல் மார்ட்டின் லூதர் அதை வெளுத்துக்கட்டி, மனுஷனோட சித்தம் அடிமைப்பட்டுக் கிடக்குன்னு பதில் புத்தகம் போட்டார். அப்புறம் ஜெனீவாவில் கால்வின் முன்குறித்தலை விரிவா எழுதினார்.

அதுக்கப்புறம்தான் உச்சக்கட்டம். ஹாலந்துல ஆர்மீனியஸ்னு ஒரு பேராசிரியர். கால்வின் வழியில வந்தவர்தான், ஆனா முன்குறித்தல்ல அவருக்கு ஒரு நெருடல். யார் விசுவாசிப்பாங்கன்னு கடவுள் முன்கூட்டியே அறிஞ்சு, அவங்களைத் தேர்ந்தெடுத்தார்னு விளக்கம் சொன்னார். 1609-ல் இறந்துட்டார். அவர் சீடர்கள் 1610-ல் ஐந்து அம்சமா ஒரு அறிக்கை கொடுத்தாங்க. அதை விசாரிக்க 1618 நவம்பர்ல டார்ட் நகரத்துல ஒரு மாநாடு கூடி, 1619 மே மாசம் வரைக்கும் நடந்துச்சு. தீர்ப்பு ஆர்மீனியஸ் கட்சிக்கு எதிரா. சுமார் 200 போதகர்களுக்கு வேலை போச்சு. இதுல அரசியலும் கலந்திருந்ததால, அவங்களுக்கு ஆதரவா இருந்த ஓல்டன்பார்னவெல்ட்ங்கிற பெரிய அரசியல் தலைவருக்குத் தலையே போச்சு. சட்ட மேதை ஹ்யூகோ க்ரோஷியஸை ஜெயில்ல போட்டாங்க, அவர் 1621-ல் புத்தகப் பெட்டிக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சார்! மனுஷனுக்குச் சுதந்திரம் இருக்கான்னு விவாதிக்கப் போய், எத்தனை பேர் சுதந்திரத்தைப் பறிச்சிருக்காங்க பாருங்க.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல இதே சண்டை ரெண்டு நண்பர்களுக்குள்ள. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி ஆர்மீனியஸ் பக்கம். 1778-ல் ஆரம்பிச்ச பத்திரிகைக்கே ஆர்மீனியன் மேகசின்னு பேர் வச்சவர்னா பாத்துக்கோங்க. அவர் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். பிரிஞ்சாங்க, ஒருத்தரை ஒருத்தர் எழுத்துல தாக்கிக்கிட்டாங்க. ஆனா 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தப்ப லண்டன்ல நினைவுப் பிரசங்கம் செஞ்சது வெஸ்லிதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டைன்னு நினைச்சா, நம்ம ஊர்ல 13, 14-ஆம் நூற்றாண்டுல இருந்தே இது நடக்குது. வைணவத்துல வடகலை, தென்கலை தெரியும்ல? நாமத்துல ஒய்யா வய்யாங்கிறதுதான் வித்தியாசம்னு நம்மள்ல பாதிப் பேர் நினைச்சுட்டிருக்கோம். உள்ள இருக்கிறது இந்தக் கேள்விதான். குரங்குக் குட்டி தாய் வயித்தைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கும், பிடிச்சாத்தான் தப்பிக்கும். அது மர்க்கட நியாயம், வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலை. பூனைக் குட்டி ஒண்ணுமே செய்யாது, தாய்தான் கவ்வித் தூக்கிட்டுப் போகும். அது மார்ஜார நியாயம், பிள்ளை லோகாசாரியார் வழி வந்த தென்கலை. ருடால்ஃப் ஓட்டோன்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர் இதைப் பாத்துட்டு, அட நம்ம ஊர்ச் சண்டை மாதிரியே இருக்கேன்னு ஒப்பிட்டு எழுதியிருக்கார். ஆக, பூனையா குரங்காங்கிற விஷயத்துல நாம யாருக்கும் இளைச்சவங்க இல்லை.

இப்ப என் தொழில் புத்தியை வச்சு யோசிச்சதைச் சொல்றேன். நாள் பூரா பொட்டி தட்டுறவன்கிறதால முதல்ல தோணின உவமை ப்ரோக்ராம்தான். நான் எழுதின ப்ரோக்ராம்ல ஒரு வரிகூடத் தானா முடிவெடுக்காது. தப்பு வந்தா அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். மனுஷன் கடவுள் எழுதின ப்ரோக்ராம்னா, லாரியை இருட்டுல நிறுத்தினவன் மேல பழி இல்லை, எழுதினவர் மேலதான் பழி. கால்வின் கட்சிக்காரங்களே இதை ஒத்துக்க மாட்டாங்க. அவங்களோட 1646-ம் வருஷத்து வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலேயே, கடவுள் எல்லாத்தையும் தீர்மானிச்சார்னு சொன்ன கையோட, அதனால அவர் பாவத்துக்குக் காரணகர்த்தா ஆகலை, மனுஷனோட சித்தம் வலுக்கட்டாயம் செய்யப்படலைன்னும் எழுதி வச்சிருக்காங்க. அதனால ப்ரோக்ராம் உவமை அவுட்.

அடுத்த உவமை கிரிக்கெட். 2011 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை இன்னைக்குத் திரும்பப் போட்டுப் பாக்குறோம். தோனி சிக்ஸர் அடிக்கப் போறார்னு நமக்கு முன்னாடியே தெரியும். நமக்குத் தெரிஞ்சதால அவர் அடிக்கல. அது மாதிரி கடவுள் முன்னறியுறதால மனுஷன் சுதந்திரம் போயிடாதுன்னு ஆர்மீனியஸ் கட்சி சொல்லும். நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம அந்த மைதானத்தையோ தோனியையோ படைக்கல. படைச்சவர் முன்னறியுறதும், பாக்குறவன் முன்னறியுறதும் ஒண்ணா? இதுவும் பாதி தூரம்தான் வருது.

எனக்குப் பிடிச்ச உவமை கல்கி. ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு? பொன்னியின் செல்வன் படிச்ச நாலு பேர் சேர்ந்தா நந்தினி, ரவிதாசன், பழுவேட்டரையர்னு விடிய விடிய அடிச்சுக்குவோம். 'கல்கி'ன்னு யாராவது பதில் சொன்னா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவோம். ஆனா அதுவும் ஒரு விதத்துல உண்மை. கதைக்குள்ள ஒரு காரணம், கதைக்கு வெளியே ஒரு காரணம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கல. இறையாண்மையையும் மனுஷப் பொறுப்பையும் ஓரளவுக்கு இப்படிப் புரிஞ்சுக்கலாம்னு தோணுது. இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. கதாபாத்திரத்துக்கு வலிக்காது, அந்த அம்மாவுக்கு வலிக்குது. உவமையை வச்சு விடுகதையை அவிழ்க்கலாம், துக்கத்தை ஆத்த முடியாது.

இங்கதான் என் கருத்தைச் சொல்லணும். 'இது தேவ சித்தம்'ங்கிற வாக்கியம் உண்மையா பொய்யாங்கிறதோட, அதை யார் சொல்றாங்க, யாரைப் பத்திச் சொல்றாங்கங்கிறதையும் பாக்கணும். வேதாகமத்துல இது ரொம்பத் தெளிவா இருக்குன்னு நினைக்கிறேன்.

யோசேப்பு கதையை எடுத்துக்குவோம். அண்ணன்மார் அவனை 20 வெள்ளிக்காசுக்கு வித்துட்டாங்க. வருஷக்கணக்கா எகிப்துல அடிமை, அப்புறம் ஜெயில். கடைசியில பெரிய அதிகாரி ஆயிடுறான். அப்பா செத்ததும் அண்ணன்மார் பயந்து கால்ல விழுறாங்க. அப்ப யோசேப்பு, நீங்க எனக்குக் கெட்டதுதான் நினைச்சீங்க, ஆனா கடவுள் அதையே நல்லதா மாத்திட்டார்ங்கிற அர்த்தத்துல பேசுறான். இறையாண்மைக்கு இதைவிட அழகான சாட்சி கிடையாது. இதைச் சொன்னது யாரு? அடிபட்டவன். அண்ணன்மார்ல ஒருத்தன் எந்திரிச்சு, "தம்பி, உன்னை வித்ததும் ஆண்டவர் சித்தம்தானே, விடு"ன்னு சொல்லியிருந்தா? அதே வாக்கியம், ஆனா அயோக்கியத்தனமா ஆயிருக்கும். அதோட, யோசேப்பும் அண்ணன்மார் செஞ்சது தப்பே இல்லைன்னு சொல்லல. கெட்டது நினைச்சீங்கன்னு முதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்றான்.

அடுத்து யோபு. எல்லாம் இழந்து சாம்பல்ல உக்காந்திருக்கான். நண்பர்கள் வந்து ஏழு நாள் வாயைத் திறக்காம கூடவே உக்காந்தாங்க. அதுவரைக்கும் நல்லவங்க. அப்புறம் ஆரம்பிச்சாங்க விளக்கம். கடவுள் நீதியுள்ளவர், காரணம் இல்லாம செய்ய மாட்டார், நீ ஏதோ செஞ்சிருக்கேன்னு முப்பது அதிகாரத்துக்கு மேல இழுக்குது. கடவுளோட சார்பா வக்கீல் மாதிரி வாதாடின அந்த நண்பர்கள் மேலதான் கடைசியில கடவுளுக்குக் கோபம் வருது. கேள்வி கேட்டுக்கிட்டே இருந்த யோபு மேல இல்லை.

மூணாவது, லூக்கா 13. சீலோவாம்ல ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துட்டாங்க. அவங்க மத்தவங்களை விடப் பெரிய பாவிகளா? இல்லைன்னு இயேசு சொல்றார். எதுக்கு விழுந்துச்சுங்கிற தெய்வீகக் காரணத்தை அவர் விளக்கவே இல்லை. கேட்டுக்கிட்டிருந்தவங்களைப் பாத்து, நீங்க மனம் திரும்புங்கன்னு அவங்க பக்கம் பேச்சைத் திருப்புறார். செத்தவங்களை வச்சு ஒரு தத்துவம் கட்டுறதுக்கு அவர் இடம் கொடுக்கல.

நம்ம காலத்துக் கோபுரம் ஒண்ணு இருக்கு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை காலை. வேளாங்கண்ணியில கூட்டம் நிறைஞ்சு இருந்தப்ப சுனாமி வந்துச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000-க்கும் மேல செத்தாங்க. வேளாங்கண்ணியிலும் கடற்கரையில நின்ன யாத்ரீகர்கள் நிறையப் பேர் போயிட்டாங்க, பேராலயம் தப்பிச்சது. உள்ளே இருந்து பிழைச்ச ஒருத்தர் "மாதா என்னைக் காப்பாத்தினாங்க"ன்னு மண்டி போட்டா, அந்த நன்றியில தலையிட எனக்கு உரிமை இல்லை. அதே வாக்கியத்தை எடுத்து, கடற்கரையில பிள்ளையைப் பறிகொடுத்தவங்க முன்னாடி பொது விதியா வாசிச்சா அது வேற. அப்ப என் பிள்ளையை ஏன் காப்பாத்தலைன்னு கேக்க மாட்டாங்களா?

அலை வந்தது எந்த மனுஷனோட பாவமும் இல்லை. ஆனா அன்னைக்கு இந்தியப் பெருங்கடல்ல ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இல்லாம இருந்தது மனுஷங்க பக்கத்து விஷயம். சுமத்ரா பக்கத்துல நிலநடுக்கம் வந்து, அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எச்சரிக்கை இருந்திருந்தா ஓடியிருக்கலாம். 2007 அக்டோபர்ல ஹைதராபாத்துல எச்சரிக்கை மையம் வந்துச்சு. எல்லாம் தேவ சித்தம்னு எல்லாரும் உக்காந்திருந்தா அந்த மையம் வந்திருக்காது.

இறையாண்மையை நம்புறவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்னு யார் சொன்னது? எங்க ஜவளகிரியில வந்து பாருங்க. வருஷா வருஷம் ராகிக் கதிர் முத்துற சமயத்துல பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைக் கூட்டம் இந்த வழியா இறங்கும். தளி, தேன்கனிக்கோட்டைன்னு சுத்தும். ஒரே ராத்திரியில ஒரு குடும்பத்தோட வருஷ உழைப்பு போயிடும், சில சமயம் உயிரும் போயிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலயும் சாமி கும்பிடுற ஊர் இது. கும்பிட்டுட்டு, டார்ச்சும் பட்டாசும் எடுத்துக்கிட்டு, பரண்ல ஏறி விடிய விடிய முழிச்சிருப்பாங்க. சாமி காப்பாத்தும்னா ஏன்டா பரண் ஏறுறேன்னு யாரும் யாரையும் கேட்டதில்லை. பரண் ஏறுறவன் சாமி நம்பிக்கை இல்லாதவன்னும் யாரும் சொன்னதில்லை. அகழி எங்க தூர்ந்திருக்கு, சோலார் வேலி எங்க அறுந்திருக்குன்னு வனத்துறையில போய்ச் சத்தம் போடுறதும் அதே ஆளுங்கதான். பிலிப்பியருக்கு எழுதின கடிதத்துல பவுல், நீங்க உழைங்க, ஏன்னா உங்களுக்குள்ள உழைக்கிறவர் கடவுள்னு ரெண்டையும் சேர்த்தே சொல்றார். எங்க ஊர் விவசாயிக்கு அது சட்டுனு புரிஞ்சிடும், நமக்குத்தான் மாநாடு போட வேண்டியிருக்கு.

சரி, கால்வின் கட்சிக்காரங்க வரலாற்றுல கையைக் கட்டிக்கிட்டா இருந்தாங்க? இல்லவே இல்லை. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த உதாரணம் எங்கயோ இல்லை, வேலூர்ல இருக்கு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல பெரிய வியாதின்னா ஒண்ணு பெங்களூரு, இல்லேன்னா வேலூர் சிஎம்சி. அந்த சிஎம்சி எப்படி வந்துச்சு?

ஜான் ஸ்கடர்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1819-ல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரியாக் கிளம்பினவர். பிற்பாடு சென்னைக்கு வந்தார். அவர் பிள்ளைகள் 1853-ல் ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சாங்க. அது டச்சு வழி வந்த சீர்திருத்த சபையோட மிஷன். அதாவது, டார்ட் மாநாட்டுத் தீர்மானங்களை இன்னிக்கும் தன் விசுவாச ஆவணமா வச்சிருக்கிற சபை. ஜான் ஸ்கடரோட பேத்திதான் ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில பிறந்தவர். அவருக்கு மிஷனரி ஆகுற எண்ணமே இல்லை. அமெரிக்காவுல படிச்சுட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு 1890-களின் தொடக்கத்துல திண்டிவனம் வந்தார். ஒரு ராத்திரி மூணு பேர், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, வீட்டுக் கதவைத் தட்டுறாங்க. மூணு பேருக்கும் மனைவி பிரசவ வேதனையில. ஐடாவோட அப்பா டாக்டர், வர்றேன்னார். ஆம்பளை டாக்டர் பாக்கக்கூடாதுன்னு அவங்க வழக்கம் தடுத்துச்சு. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்ப மூணு பெண்களும் செத்துட்டாங்க.

இந்த இடத்துல டார்ட் வழி வந்த ஒரு பொண்ணு என்ன சொல்லியிருக்கலாம்? மூணு பேருக்கும் நாள் குறிச்சாச்சு, தேவ சித்தம்னு ஜெபம் பண்ணிட்டுத் தூங்கியிருக்கலாம். அவர் அதைக் கடவுள் தன்னைக் கூப்பிடுற குரலா எடுத்துக்கிட்டார். அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படிச்சு, கார்னெல்ல 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூர்ல ஒத்தைக் கட்டிலோட வைத்தியத்தை ஆரம்பிச்சார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இப்ப நாம வரிசையில நிக்கிற சிஎம்சி அதுதான்.

கவனிச்சீங்களா? 'தேவ சித்தம்'ங்கிற அதே நம்பிக்கைதான். ஆனா அது செத்துப்போன மூணு பெண்களைப் பத்தின விளக்கமா ஆகல, உயிரோட இருந்த ஐடாவுக்கு வந்த கட்டளையா ஆச்சு. அந்த மூணு பேர் ஏன் செத்தாங்கன்னு கேட்டா அதுக்குக் காரணம் பெண் டாக்டர் இல்லாததும், ஆம்பளை தொடக்கூடாதுங்கிற வழக்கமும். ரெண்டுமே மனுஷர் மாத்தக்கூடியது. மாத்தினாங்க.

நெல்லைச் சீமையில இன்னொரு உதாரணம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1827-ல் வைணவக் குடும்பத்துல பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் எடுத்தவர். ஜான் பனியனோட புகழ்பெற்ற கதையைத் தழுவி, கம்பன் வாசனையோட இரட்சணிய யாத்திரிகம்னு காப்பியம் எழுதினார், 1894-ல் வெளிவந்துச்சு. பனியன் முன்குறித்தலை நம்பின ஆள். ஆனா அவர் கதாநாயகன் கதை பூரா நடக்குறான், விழுறான், சண்டை போடுறான், மறுபடி நடக்குறான். முன்குறிச்சாச்சே, நான் இங்கயே படுத்துக்கறேன்னு ஒரு இடத்துலயும் சொல்லல. பூனைக்குட்டிதான், ஆனா நல்லா நடக்குற பூனைக்குட்டி!

எதிர்க்கேள்விகள் வரும், எனக்கே தோணினதைச் சொல்லிடுறேன்.

ஒண்ணு: "நீ கடவுளைச் சின்னவரா ஆக்குற." இல்லைங்க. எல்லாத்தையும் அவர் ஆளுறார்னே வச்சுக்குவோம். ஆனா ஒரு குறிப்பிட்ட சாவுக்கு அவரோட காரணம் என்னன்னு எனக்குத் தெரியும்னு மைக் பிடிச்சுச் சொல்றது இறையாண்மையை உயர்த்துறது இல்லை, அவர் நாற்காலியில நான் உக்காருறது. உண்மையிலேயே இறையாண்மையை நம்புறவன் கொஞ்சம் வாயை மூடிக்கணும்.

ரெண்டு: "தேவ சித்தம்னு நம்புறதாலதான் எத்தனையோ பேர் துக்கத்தைத் தாங்குறாங்க, அதைப் பிடுங்காதே." பிடுங்கல. அந்த அம்மா நாளைக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு, "ஆண்டவர் என்னைக் கைவிடல, இதுலயும் அவர் இருந்தார்"னு சொன்னாங்கன்னா, நான் தலை வணங்கிக் கேப்பேன். அது யோசேப்பு பேசுற பேச்சு. அதை அவங்களுக்கு முன்னாடி, அவங்களுக்குப் பதிலா, மூணாவது மனுஷன் பேசக்கூடாதுங்கிறேன்.

மூணு: "அப்ப நீ ஆர்மீனியஸ் கட்சி." அதுவும் இல்லை. அந்தக் கட்சியிலயும் இதே தப்பு வேற வடிவத்துல வருது. 'உனக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகமாகல'ன்னு நோயாளி கிட்டயே சொல்ற கொடுமையைப் பாத்திருப்பீங்க. அங்க பழி கடவுள் மேல போகாம, படுத்துக் கிடக்குறவன் மேல போகுது. சுயாதீன சித்தத்தை ஒரு தடியா மாத்தி விழுந்தவனையே அடிக்கிறது. ரெண்டு தப்புலயும் ஒண்ணு பொது: லாரியை இருட்டுல நிறுத்தினவனை யாரும் கேக்குறதில்லை. கம்பெனியில மெஷினுக்குத் தடுப்பு போடாதவன், ரோட்டுல குழியை மூடாதவன், சாக்கடைக்குள்ள மனுஷனை இறக்கினவன், இவங்க எல்லாருக்கும் 'தேவ சித்தம்' ரொம்ப வசதியான வாக்கியம். 'தலையெழுத்து', 'விதி'ன்னு மாத்திப் போட்டாலும் அதே வசதி. மதம் வித்தியாசம் கிடையாது.

கடைசியா ஒரு விஷயம், இதை நினைச்சா எனக்கு ஒரு சந்தோஷம். 1919-ல் தரங்கம்பாடியில அசரியா, சந்தியாகு மாதிரி நம்ம ஆளுங்க முன்னால நின்னு, சபைகள் ஒண்ணாகணும்னு ஒரு அறிக்கை விட்டாங்க. 28 வருஷம் பேச்சுவார்த்தை. 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்துல தென்னிந்தியத் திருச்சபை பிறந்துச்சு. நம்ம சிஎஸ்ஐ. அதுக்குள்ள யார் யார் வந்தாங்க பாருங்க. ஆங்கிலிக்கன் ஒரு பக்கம். டார்ட் வழி வந்த ஆற்காடு மிஷன் சபைகளும் பிரஸ்பிடீரியன், காங்கிரகேஷனல் சபைகளும் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஒரு பக்கம். வெஸ்லி வழி வந்த மெதடிஸ்ட் ஒரு பக்கம். ஹாலந்துல தலை போன சண்டையோட ரெண்டு கட்சி வாரிசுகளும் சென்னையில ஒரே பந்தியில அப்பம் பிட்டு உக்காந்தாங்க. 28 வருஷம் அவங்க மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டது பெரும்பாலும் பிஷப் வேணுமா வேண்டாமாங்கிறதுக்குத்தான். முன்குறித்தல்ல யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு கட்டிட்டுத்தான் சேருவோம்னு யாரும் அடம் பிடிக்கல. பழைய விசுவாசப்பிரமாணங்களை வச்சுக்கிட்டு, மீதியைத் திறந்தே விட்டாங்க.

அது கோழைத்தனம்னு இப்ப யூட்யூப்ல கால்வின் பேரைச் சொல்லிச் சண்டை போடுற தம்பிகள் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. 1,600 வருஷமா அவிழாத முடிச்சை அவிழ்த்துட்டுத்தான் சாப்பிடுவேன்னு இருந்தா பந்தி ஆறிப்போயிடும். முடிச்சு இருக்கட்டும். அதுக்குள்ள, இருட்டுல நிக்கிற லாரிக்குப் பின்னாடி ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்ட வைக்கலாம், ஒட்டாதவனைக் கேள்வி கேக்கலாம்.

வடகலை, தென்கலை வீட்டுக்காரங்களும், ஊழ் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை அதிகாரத்தையும் ஒரே ஆள்தான் எழுதினாரான்னு மண்டை காய்ஞ்ச திருக்குறள் பார்ட்டிகளும், கடவுளே இல்லைங்கிற தோழர்களும் வந்து சொல்லுங்க. உங்க பக்கத்துல இந்தக் கேள்விக்குத் துக்க வீட்ல என்ன பதில் சொல்றாங்க? கும்மி வேண்டாம், நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.